விலை ஏறிய நாளில் தோட்டத்து அடுப்பு



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விலைவாசி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவேண்டியதில்லை. சம்பள நாளன்று கடைக்காரர் 555 நோட்டைப் பிரித்து, அரிசி, சீனி, மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார். கடைசி வரியில் வரும் தொகை சம்பளக் கவரில் இருக்கும் தொகையைவிடப் பெரிதாக இருந்தால், அந்த மாதம் விலை ஏறிவிட்டது என்று பொருள். பொருளாதார நிபுணர்கள் 'பணவீக்கம்' என்று சொல்வதைத்தான் நம் தாய்மார்கள் 'நோட்டு ஏறிப்போச்சு' என்று சொன்னார்கள்.

அப்படி விலை ஏறிய காலங்களில் இந்த நாட்டின் அரசாங்கங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு என்ன செய்தன, அந்த உதவி தோட்டத்து லயன் வரை வந்து சேர்ந்ததா என்பதே இன்றைய பேச்சு.

ஜொகூரில், பத்து பகாட் மாவட்டத்து ஆயர் ஈத்தாமை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே யோங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங் என்று நான்கு திசைச் சாலைகளும் கூடும் ஊர். வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பஸ்கள் இங்கே நின்றுதான் போகும். மட்பாண்டமும் பூந்தொட்டியும் வாங்க வெளியூரார் இறங்குவார்கள். சந்தியில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருப்பது சந்தியில் அல்ல; செம்மண் பாதையில் பல கல் உள்ளே. சந்தியில் ஒரு விலை, தோட்டத்துக் கடையில் இன்னொரு விலை. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் வரலாறு எளிதில் விளங்கும்.

தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையை எப்போதும் இரண்டு விலைகள் ஆண்டு வந்திருக்கின்றன. ஒன்று அவர் விற்கும் உழைப்போடு பிணைந்த ரப்பர் விலை. மற்றொன்று அவர் வாங்கும் அரிசியின் விலை. இரண்டும் சேர்ந்து ஏறினால் குடும்பம் மூச்சுவிடும். ரப்பர் இறங்கி அரிசி ஏறினால் அடுப்பு அணையும். இரண்டுமே உள்ளூரில் தீர்மானிக்கப்படுவதில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்ட மலாயா, போருக்கு முன் தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது. பர்மாவிலும் சயாமிலும் மழை பொய்த்தால் இங்கே தோட்டத்தில் பானை காயும்.

இதை ஆங்கிலேய ஆட்சி முதன்முதலாகப் பெரிய அளவில் உணர்ந்தது முதல் உலகப் போர் முடிந்த கையோடு. 1919-இல் விளைச்சல் குறைந்தது. இந்திய அரசாங்கம் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. மலாயாவில் விலை கிடுகிடுவென்று ஏறியது. அரசாங்கம் தானே அரிசி வாங்கி, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது. தோட்ட நிர்வாகங்களும் தொழிலாளிகளுக்கு அரிசியைச் சலுகை விலையில் கொடுத்தன. துரைமார்களின் இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. சோறு இல்லாவிட்டால் பால் வெட்டு நடக்காது. கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டால் மறுபடி ஆள் பிடித்து வருவது செலவு. இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த உலக மந்தத்தில் கதை தலைகீழ். ரப்பர் விலை படுபாதாளத்துக்குப் போனது. ஆண்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு என்றிருந்த கூலி வெட்டப்பட்டது. அப்போது அரசாங்கம் செய்த 'உதவி' என்ன? வேலையில்லாதவர்களைக் கப்பலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பியதுதான். இது விலையேற்றக் காலம் அல்ல. எனவே இதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் நெருக்கடி வந்தால் தோட்டத் தமிழனை 'இந்த நாட்டுக்காரன்' என்று எண்ணாமல் 'வந்து போகிறவன்' என்று எண்ணும் பழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது. அதன் பலனைப் பின்னால் பார்ப்போம்.

1942 சனவரியின் கடைசி வாரத்தில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் படைகள் ஆயர் ஈத்தாமில் ஜப்பானியரைச் சிறிது தடுத்து நின்று, பிறகு தெற்கே பின்வாங்கின. சனவரி 31-ஆம் நாள் ஜொகூர் பாலத்தை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போய்விட்டன. அதன்பின் மூன்றரை ஆண்டு. நம் மக்கள் கண்ட விலையேற்றங்களிலேயே அதைப்போல் இன்னொன்று இல்லை.

ஜப்பானியர் தங்கள் தாளை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மலாய்க்காரர்கள் அதை 'டுவிட் பீசாங்' என்றார்கள். நாளாக ஆக வரிசை எண்கூட இல்லாமல், எழுத்து மட்டும் போட்டு அச்சடித்துக் குவித்தார்கள். அரிசிக் கப்பல் வரவில்லை. தாள் மட்டும் பெருகியது. பொருள் குறைந்து பணம் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கடைசியில் ஒரு சாக்குப் பணம் கொண்டுபோய் ஒரு பை அரிசி வாங்கிய கதைகளை நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ரப்பருக்கு வாங்குவோர் இல்லாததால் தோட்டங்களில் வேலை இல்லை. 1943 முதல் ஆயிரம் ஆயிரமாகத் தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அழைத்துப் போனார்கள், பலர் திரும்பவில்லை. உழைக்கும் கை போன வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் மரங்களுக்கு இடையே மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அரசாங்க உதவி என்று சொல்ல ஏதாவது உண்டென்றால், அது அளந்து கொடுத்த கொஞ்சம் அரிசியும், பின்னர் அதுவும் குறைந்துபோனதும்தான். 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஜப்பானியத் தாள் செல்லாது என்று அறிவித்தது. அரும்பாடுபட்டுச் சேர்த்த தாளும் ஒரே நாளில் குப்பையாயிற்று. மாற்றுப் பணம் கையில் இல்லை, அரிசியும் இல்லை. பட்டணங்களில் அரிசி கேட்டு ஊர்வலங்கள் நடந்தன.

அப்போது வந்ததுதான் ரேஷன் அட்டை. குடும்பத்தில் எத்தனை தலை என்று எழுதி, இன்ன கடையில் இவ்வளவு அரிசி, இவ்வளவு சீனி என்று அளந்து கொடுத்தார்கள். 1950களின் முற்பகுதி வரை இந்த முறை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 1946-இல் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. குறிப்பிட்ட பொருளுக்கு உச்ச விலை இது, இதற்கு மேல் விற்றால் குற்றம் என்று சொல்ல அது அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. வெள்ளைக்காரர் போன பிறகும், சுதந்திர மலேசியாவில் 2011 வரை, அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தச் சட்டமே நின்றது. பிறகு வந்த 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. தீபாவளி நேரத்தில் தேங்காய், சின்ன வெங்காயம், பருப்பு, ஆட்டிறைச்சி போன்றவற்றுக்கு உச்ச விலை அறிவிக்கிறார்களே, அதன் மூலவேர் அந்தப் பஞ்ச காலத்தில் இருக்கிறது.

கொரியப் போர்க் காலம் இன்னொரு பாடம். 1949-இல் இராத்தல் 40 காசுக்கும் கீழே கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. சம்பளம் ஏறியது; கடைச் சாமானும் ஏறியது. பிறகு ரப்பர் விலை விழுந்தபோது, ரப்பர் விலையோடு பிணைத்திருந்த கூலியும் விழுந்தது. கடைச் சாமான் அப்படி விழவில்லை. ரப்பரோடு கூலியைக் கட்டிப்போட்ட அந்தக் கயிறு தொழிலாளியின் கழுத்தையே இறுக்கியது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் தலைமையில் சங்கம் நடத்திய பேச்சுவார்த்தைகளில் பாதிக்கு மேல் இந்தக் கயிற்றைத் தளர்த்துவதைப் பற்றியவைதாம் என்றால் மிகையில்லை. அதே காலத்தில், 1951-இல், ஊழியர் சேமநிதியும் தோன்றியது. அது முதுமைக்கு ஆனது, மாதக் கடைசிக்கு ஆனதன்று.

இனி 1973-க்கு வருவோம். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1974 சனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பே உலகில் தானிய விளைச்சல் குறைந்து அரிசியும் கோதுமையும் ஏறத் தொடங்கியிருந்தன. எண்ணெய் ஏறினால் உரம் ஏறும், லாரி வாடகை ஏறும், எல்லாம் ஏறும். மலேசியாவில் விலைவாசி 1973-இல் நூற்றுக்குப் பத்துக்கு மேலும், 1974-இல் பதினேழுக்கு மேலும் உயர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதுவரை இந்த நாடு அப்படி ஒன்றைக் கண்டதில்லை. முன் ஆண்டு 100 வெள்ளிக்கு வாங்கிய சாமானுக்கு இந்த ஆண்டு 117 வெள்ளி. வருமானம் அதே அளவில் நின்றுவிட்டால், அந்த 17 வெள்ளிக்கு நிகரான சாமான் சட்டியிலிருந்து குறைகிறது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1974 தொடக்கத்தில் நல்ல விலை கண்ட ரப்பர், ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. எண்ணெய் விலையால் மேல்நாடுகளில் கார் விற்பனை தளர்ந்தது. கார் இல்லையென்றால் டயர் இல்லை. டயர் இல்லையென்றால் ரப்பர் எதற்கு? ஒரே காரணம் அரிசியை ஏற்றி, ரப்பரை இறக்கியது. நான் முன்னே சொன்ன இரண்டு விலைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடிய மிகக் கொடிய காலம் அது.

நவம்பர் மாதம் கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். பட்டினி என்று பேச்சு பரவியது. டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்கு ஆதரவாகத் திரண்டார்கள், பலர் கைதானார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்ட இளைஞர்களில் ஒருவர் அன்வார் இப்ராகிம். 2022 நவம்பரில் பிரதமர் பொறுப்பேற்ற அதே மனிதர்தான். விலைவாசிக்காகச் சிறை சென்றவர் பிற்காலத்தில் விலைவாசிக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் அமர்ந்ததை வரலாற்றின் விளையாட்டு என்று சொல்லலாம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே அவசரத் திட்டம் ஒன்றை அறிவித்து, சந்தையிலிருந்து ரப்பரை வாங்கி விலையைத் தாங்கிப் பிடித்தது. பின்னாளில் 1979-இல் கையெழுத்தான அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தத்துக்கும், அதன் தலைமையகம் கோலாலம்பூரில் அமைந்ததற்கும் இந்த அனுபவமே வழிகாட்டி. அரிசிக்கு 1971-இல் அமைந்த தேசிய நெல், அரிசி வாரியம் இருந்தது; நெல்லை உறுதியான விலையில் வாங்குவதும், இறக்குமதியைக் கையில் வைத்துக்கொள்வதும் அதன் வேலை. விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1961-ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டமும் தூசி தட்டி எடுக்கப்பட்டன.

இவை எல்லாம் யாருக்கு உதவின என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். ரப்பர் விலையைத் தாங்கிப் பிடித்தால் முதலில் பயன்பெறுபவர் தன் சொந்த மரத்தை வெட்டும் சிறுதோட்டக்காரர். நெல் விலையை உயர்த்தினால் பயன்பெறுபவர் வயல் உள்ளவர். தோட்டத் தொழிலாளிக்கு மரமும் சொந்தமில்லை, வயலும் இல்லை. நெல் விலை ஏறினால் அவர் வாங்குபவராகவே நிற்கிறார். அரசாங்கம் தன் ஐந்தாண்டுத் திட்ட ஏட்டில் வெளியிட்ட கணக்கே இதைச் சொல்கிறது. 1970-க்கும் 1975-க்கும் இடையே நெல் விவசாயிகளிடையிலும் ரப்பர் சிறுதோட்டக்காரர்களிடையிலும் ஏழைக் குடும்பங்களின் விகிதம் குறைந்தது. தோட்டத் தொழிலாளர்களிடையே மட்டும் அது நூற்றுக்கு 40-இலிருந்து 47 ஆக ஏறியது. கம்பத்து மக்களின் வறுமை சின்னது என்று நான் சொல்லவில்லை. அவர்களில் ஏழைகளின் விகிதம் நம்மைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் உதவி போகும் பாதைகள் கம்பத்தை நோக்கிப் போடப்பட்டிருந்தன. தோட்டம் 'தனியார் நிலம்'. அங்கே இருப்பவரைக் கவனிப்பது நிர்வாகத்தின் கடமை என்று அரசாங்கம் நினைத்தது. நிர்வாகமோ, விலைவாசி அரசாங்கத்தின் கவலை என்று நினைத்தது.

இடையில் குடும்பத்தைத் தாங்கியது எது தெரியுமா? லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டம். இரண்டு மாடு, நாலு ஆடு, பத்துக் கோழி. முருங்கைக் கீரைக்கும் மரவள்ளிக்கும் உச்ச விலை யாரும் நிர்ணயிக்கவில்லை. அது கடைக்குப் போகவே இல்லை. வீட்டு வாடகை இல்லை, தண்ணீர்க் காசு பெரிதாக இல்லை. எந்தத் திட்ட ஏட்டிலும் எழுதப்படாத மானியம் இது. பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, நிலங்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் பட்டண ஓரத்து மலிவு வீடுகளுக்குப் போனபோது இந்தக் கண்ணுக்குத் தெரியாத மானியம் முதலில் போயிற்று. கீரை ஒரு கட்டும் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்தது. 1980களிலும் 90களிலும் நாட்டில் வறுமை வேகமாகக் குறைந்தது உண்மை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் புதிய விலைவாசிக்குள் வந்து விழுந்ததும் உண்மை.

2008-இல் மறுபடி உலக எண்ணெய் ஏறியது. சூன் மாதம் ஒரே இரவில் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசு ஆயிற்று. அரசாங்கம் ஈடாகக் கொடுத்தது வாகனக்காரர்களுக்கு: சிறிய கார்களுக்கு 625 வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளி. காரும் மோட்டாரும் இல்லாத கிழவிக்கு அதில் ஒன்றும் இல்லை. பஸ் கட்டணமும் மீன் விலையும் அவரை மட்டும் விட்டுவைத்தனவா?

அதன்பின்தான் போக்கு மாறியது. பொருளின் விலையைக் குறைப்பதற்குப் பதில், ஆளின் கையில் ரொக்கம் கொடுப்பது என்ற வழி 2012-இல் பிரிம் என்ற பெயரில் வந்தது. மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் வருமானம் இல்லாத குடும்பத்துக்கு 500 வெள்ளி. அரசாங்கங்கள் மாற மாறப் பெயரும் மாறியது. 2023 முதல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா', சுருக்கமாக எஸ்.டி.ஆர். 2025-இல் மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் இருந்து, ஐந்து பிள்ளைகளுக்குக் குறையாத குடும்பத்துக்கு ஆண்டில் 2,500 வெள்ளி வரை கிடைத்தது. பொருள் மானியத்தில் ஏழைக்குப் போவதைவிடப் பணக்காரருக்கு அதிகம் போகிறது, நாலு கார் வைத்திருப்பவர் நாலு மடங்கு பெட்ரோல் போடுகிறார் என்பது அரசாங்கத்தின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் ரொக்கத்துக்கு ஒரு குறை. அது அறிவித்த நாளில் 500 வெள்ளி; விலை ஏற ஏற அந்த 500-க்குள் அடங்கும் அரிசி குறைந்துகொண்டே போகும். விலையைக் கட்டிய ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு என்றால், விலை உச்சத்தில் இருந்த 2022-இலும் அது 2 வெள்ளி 50 காசுதான். கடையில் அது இருக்க வேண்டும் என்பது தனிக் கவலை.

இதனால்தானோ என்னவோ, 2025-இல் இரண்டையும் கலந்த ஒரு முறை விரிவாக்கப்பட்டது. 'சாரா' என்பது அதன் பெயர். தகுதி பெற்றவரின் மைகாட்டிலேயே மாதம் 100 வெள்ளி, மிகவும் ஏழை என்று இகாசே பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு 200 வெள்ளி வரை. அதைக் கொண்டு பதிவு பெற்ற கடைகளில் அரிசி, மாவு, மருந்து போன்ற தேவைப் பொருள்களை மட்டும் வாங்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் ஒருமுறை 100 வெள்ளியும் அதே வழியில் வந்தது. சற்று யோசித்தால், 1946-இன் ரேஷன் அட்டை வேறு உருவில் திரும்பி வந்ததைப் போலத்தான் இருக்கிறது: இன்ன ஆளுக்கு, இன்ன கடையில், இன்ன பொருள்.

பதிவு பெற்ற கடை சந்தியில் இருக்கும். தோட்டத்துக்குள் இருக்கும் சின்னக் கடையில் கார்டு தட்டும் கருவி இருப்பது அரிது. எனவே 100 வெள்ளியை வாங்க, மோட்டாருக்கு எண்ணெய் போட்டு ஆயர் ஈத்தாமுக்கோ குளுவாங்குக்கோ வர வேண்டும். 555 நோட்டில் எழுதிக் கடன் தரும் தோட்டத்துக் கடைக்காரர் அந்த 100 வெள்ளியைப் பார்ப்பதில்லை. ஆனால் மாதக் கடைசியில் கை கொடுப்பவர் அவரே. இது சின்னச் செய்தி போலத் தோன்றும். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், இது சின்னதல்ல.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. ரேஷன் அட்டைக்குத் தலை எண்ணிக்கை போதும். இன்றைய உதவிக்கு நீல நிற மைகாட் வேண்டும். 'வந்து போகிறவன்' என்ற பார்வையை முன்னே சொன்னேன் அல்லவா? சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு எழுதிப்போடத் தெரியாமலோ, படிவம் நிரப்பித்தர ஆளில்லாமலோ விட்டுப்போன தோட்டத்து மக்கள் பலர் உண்டு. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு பால் வெட்டியே கிழமானார்கள். திருமணப் பதிவு இல்லாத பெற்றோருக்குப் பிறந்து, பிறப்புப் பத்திரம் தாமதமான பிள்ளைகளும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். விலை ஏறும்போது சிவப்புக் கார்டுக்கு அரிசி மலிவாகக் கிடைப்பதில்லை. உதவி வரும்போது மட்டும் அது செல்லுபடியாவதில்லை.

குறைந்தபட்சச் சம்பளமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022-இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி என்று உயர்ந்தது. ரப்பர் விலையோடு கட்டிய கயிறு அறுந்த இடம் அதுவே. மரம் பால் தந்தாலும் தராவிட்டாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற கோடு. மழைக்காலத்தில் வெட்டு நாள் குறைந்தால் அந்தக் கோட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத் தலைவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

உதவித் தொகையைப் பொறுத்தவரை, உள்நாட்டு வருமான வரி வாரியம்தான் எஸ்.டி.ஆர். விண்ணப்பங்களைப் பார்க்கிறது. பிள்ளை பிறந்தாலும், துணைவர் இறந்தாலும், வேலை போனாலும் அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத குடும்பத்துக்குப் பழைய கணக்கே போகும். இகாசே பட்டியலுக்கு மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். ஆயர் ஈத்தாம் சுற்றுவட்டாரத்தில் அது பத்து பகாட். தோட்டம் குளுவாங் மாவட்ட எல்லைக்குள் இருந்தால் குளுவாங். போகுமுன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக்கொண்டு போங்கள்.